மறுபடி அறைந்த ஆணி

பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துக்கு எங்கள் கோயிலில் இரண்டு ஏணிகள் வேண்டும். முத்தியால்பேட்டைக்கு அப்பால் இருந்த அந்தச் சிறிய கோயிலில் நான் உபதேசியார். வார நாட்களில் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். அன்றைக்குப் பீடத்தின் முன்னால் பெரிய சிலுவையை நிறுத்தி, ஆளுயரப் பாடுபட்ட சுரூபத்தை அதில் ஆணியால் பொருத்தி வைப்போம். சுரூபம் மரத்தால் ஆனது. தோள் மூட்டில் மட்டும் தோல் வைத்துத் தைத்திருக்கும். ஆணியை எடுத்தால் கை, செத்தவர் கை தொங்குவது போலவே தொங்கும்.

சாமியார் பிரசங்கத் தொட்டியில் ஏறி, சேசுநாதர் பிடிபட்ட தோட்டத்தில் தொடங்கிக் கல்வாரி வரைக்கும் பாடுகளைச் சொல்லிக்கொண்டு வருவார். சேசுநாதர் மரித்த கட்டம் முடிந்ததும், ஏணிகளில் நிற்பவர்களைப் பார்த்து, “ஆணிகளைக் கழற்றுங்கள்” என்பார். வலது கை ஆணி முதலில், பிறகு இடது, பிறகு கால். நான் அடியில் வெள்ளித் தட்டை ஏந்தி நிற்பேன். ஆணி தட்டில் விழுந்து ஓசை எழும்போது பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை கிளம்பும். அந்த அழுகைக்காகத்தான் அத்தனை பேரும் வந்திருப்பார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிரசங்கம் பழையது. எப்போதோ இருந்த ஒரு சாமியார் எழுதிக் கொடுத்தது. அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் அதையே படித்தார்கள். எனக்கு மனப்பாடம், ஊரில் பாதிப் பேருக்கும் மனப்பாடம். கற்றூணில் கட்டிவைத்து அடித்த அடிகளின் கணக்கு அதில் உண்டு. தேவமாதா சிலுவை மரத்தைக் கட்டிக்கொண்டு அதனிடமே நியாயம் கேட்டுப் புலம்புவது உண்டு. வெரோணிக்கம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கர்த்தருடைய முகத்தைத் துடைப்பது உண்டு. அந்த இடத்தில் நானும் ஒவ்வொரு வருஷமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆன பிறகு எங்களுக்குப் புதிய பங்குச் சாமியார் வந்தார். தமிழர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வந்த நாள் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் சுவிசேஷத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். ஒரு வாக்கியம் சொல்வார், புத்தகத்தைத் தட்டி, “இது நான் சொல்றதில்ல, அருளப்பர் எழுதி வெச்சது” என்பார். அதிகாரம், வசனம் சொல்வார். எங்கள் ஜனங்களுக்கு அது புதுசு. புத்தகத்தைத் தட்டிப் பேசுவது புரொட்டஸ்தாந்துக்காரர் வழக்கம் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின தபசுகாலத்தின் நடுவில் கோயில் பெரியவர்களைக் கூப்பிட்டு, இந்த வருஷம் பழைய பிரசங்கம் இல்லை என்று சொன்னார். நான் கதவோரம் நின்றிருந்தேன். பெரியவர்களில் முதல்வர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். மீசையை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே கேட்டார்.

“அப்ப வெரோணிக்கம்மா?”

“சொல்லப் போறதில்ல.”

“ஏன் சாமி? அந்தம்மா உங்கள இன்னா பண்ணுச்சு?”

மற்றவர்கள் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். பிறகு, “நாலு சுவிசேஷத்துலயும் அந்தம்மா இல்லீங்க” என்றார்.

“கோயில் சுவத்துல இருக்குதே. ஆறாம் ஸ்தலம். நாங்க முழங்கால் போட்டு செபம் சொல்றோமே, அது பொய்யா?”

“நானும் உங்களோட முழங்கால் போடுறேன். சிலுவைப்பாதை செபம், அதுல பக்தி பேசலாம். தொட்டியில ஏறினா, ‘இது தேவ வார்த்தை’ன்னு சொல்லிப் பேசறேன். அங்க எழுதினதத் தவிர வேற எதையும் என் வாய் சொல்லக் கூடாது.”

“எழுதினத மட்டும் சொன்னா ஜனங்க அழுமா?”

“அழணும்னு நான் பேசல. நம்பணும்னு பேசறேன்.”

சொல்தா நிதானமாகச் சொன்னார்: “சரி சாமி. ஒரு வருஷம் பேசிப் பாருங்க. ஜனங்க வெறும் கண்ணோட வீட்டுக்குப் போனா, அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கு மட்டும் வெளியிலேர்ந்து ஒருத்தரக் கூப்பிட்டுக்கறோம். நீங்க தப்பா நினைக்கக் கூடாது.”

சாமியார் முகம் மாறிவிட்டது. மற்றவர்கள் போன பிறகு என்னிடம், “வருஷத்துல கோயில் நிறையற நாள் அது ஒண்ணுதான், உபதேசியாரே. அன்னிக்குத் தொட்டியில ஏற விடலன்னா நான் இங்க பூசை வைக்க மட்டும் வந்த ஆளாயிடுவேன்” என்றார்.

எனக்கு அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சுவிசேஷங்களைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. அடிகளின் கணக்கு இல்லை. தாயார் சிலுவையடியில் நின்றார் என்று இருக்கிறது. என்ன பேசினார் என்று இல்லை. நான் இத்தனை வருஷம் அழுத இடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பாடம் நடத்தும்போதும் சாப்பிடும்போதும் மனம், இது இருக்கிறது, இது இல்லை என்று பிரித்துக்கொண்டே இருந்தது. என் மனைவி, “அரிசியில கல் பொறுக்குற மாதிரி முகத்த வெச்சிக்கினு இருக்கீங்க” என்றாள்.

இன்னொரு கவலையும் இருந்தது. ரோமாபுரியிலிருந்து வந்த புதிய ஒழுங்குப்படி பெரிய வெள்ளிச் சடங்கு காலையிலிருந்து பிற்பகலுக்குப் போய்விட்டது. அதற்கே ஜனங்கள் இன்னும் பழகவில்லை. இப்போது பிரசங்கமும் மாறினால் ஏணிக்காரர்கள் எப்போது ஆணியைத் தொடுவது? வலது ஏணியில் நிற்பவர் எங்கள் பங்குத் தச்சர். இடது ஏணியில் அவருடைய மச்சான். தச்சருடைய அப்பாவும் அதே ஏணியில் நின்றவர். பிரசங்கத்தை எழுதிக் கொடுங்கள், அடையாளம் போட்டு அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று சாமியாரைக் கேட்டேன்.

“எழுதிவெச்சிப் படிக்கமாட்டேன்” என்றார். “‘ஆணிகளைக் கழற்றுங்கள்’னு சொல்றதும் எழுத்துல இல்ல. மரித்த வசனத்த வாசிச்சிட்டுப் பேச்ச நிறுத்திடுவேன். நான் சும்மா நின்னா அதான் அடையாளம்.”

தச்சரிடம் சொன்னேன். “சாமி சும்மா நிக்கறப்ப ஆணி. இவ்ளோதானே?” என்றார். மச்சான், “மாமா, சாமி நடுவுல தண்ணி குடிக்க நின்னா?” என்று கேட்டான். “போடா, சாமியாருங்க பிரசங்கத்துல எப்பவாவது நிறுத்தியிருக்காங்களா? நிறுத்தமாட்டாங்களான்னுதான் நாம ஏங்கிக்கினு இருப்போம்” என்றார் தச்சர்.

பெரிய வெள்ளி அன்று கோயில் வாசற்படி வரைக்கும் ஆள். சாமியார் தொட்டியில் ஏறினார். கையில் சுவிசேஷம். தோட்டத்து வேதனையை லூக்காஸ் எழுதியபடி சொன்னார். யூதாஸ் முத்தத்தைச் சொன்னார். சீடர் இராயப்பர் கர்த்தரை மறுதலித்ததைச் சொன்னபோது, “இது உங்களப் பத்தி எழுதினது” என்று நேராகக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். குரல் உறுதியாக இருந்தது. ஆனால் ஜனங்கள் அவரோடு போகவில்லை. அவர்கள் அடுத்து வரவேண்டியதற்காகக் காத்திருந்தார்கள், அது வரவில்லை. கற்றூணை ஒரே வாக்கியத்தில் கடந்தார். ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம், “அடிய எண்ணலியே?” என்று கேட்டது எனக்கே கேட்டது. ஓலை விசிறிகளின் சத்தம் கூடியது. குழந்தைகள் அழத் தொடங்கின. சிலுவையைச் சுமந்து ஊருக்கு வெளியே போன கட்டம் வந்து முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர் உரக்க, “சாமி, வெரோணிக்கம்மாள விட்டுட்டீங்க!” என்றார். மறந்துவிட்டாரே என்ற இரக்கத்தோடு சொன்னதாகத்தான் பட்டது. சொல்தா திரும்பி முறைத்தார். ஆனால் அவர் முகத்தில் திருப்தி இருந்தது.

சாமியார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கல்வாரிக்கு வந்தார். வழிப்போக்கர் ஏளனம் செய்த வசனத்தை மத்தேயுவிலிருந்து வாசித்தார்: நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையை விட்டு இறங்கி வா. பிரதான குருக்களும் அதையே சொன்னதாக வாசித்தார்: இவன் இப்போது இறங்கட்டும், நம்புவோம். பிறகு புத்தகத்தை மூடினார். தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினார்.

அந்த இடத்தில் நிறுத்துவதாக அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கே அது அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். கோயில் முழுவதும் அடங்கியது. சாமியார் சும்மா நின்றார்.

தச்சர் ஆணியைப் பிடுங்கினார்.

மச்சான் தயாராக இல்லை. வழக்கமாக அவன் எட்டிக் கையைத் துணியில் தாங்குவான். அன்றைக்கு வலது கை விடுபட்டு விழுந்து, விலாவில் மோதி ஆடியது. இன்னும் மரிக்காத கர்த்தருடைய கை. கூட்டத்தில் ஒரே மூச்சாக ஒரு சத்தம் எழுந்தது. நான் தட்டை ஏந்தியபடி மேலே பார்த்தேன். தச்சர் ஆணியைக் கையில் பிடித்துக்கொண்டு சாமியாரைப் பார்த்தார். செய்துவிட்ட தப்பு அந்தக் கணமே அவருக்குப் புரிந்துவிட்டது.

சாமியார் திரும்பிச் சுரூபத்தைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இல்ல. அவர் இறங்கல.”

பிறகு தச்சரைப் பார்த்தார்.

“ஆணிய மறுபடி அறைங்க.”

“சாமி…” என்றார் தச்சர். “என்னால முடியாது சாமி.”

“அறைங்க. அவர் இறங்கலன்னு எழுதியிருக்குது.”

சுத்தியல் தச்சருடைய இடுப்பில் இருந்தது. அதை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. மச்சான் ஏணியில் எட்டி அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி மரத்தில் வைத்தான். தச்சர் ஆணியைப் பழைய துளையில் வைத்து அடித்தார். ஆணி கழற்றப்படுவதைத்தான் அந்த ஊர் பார்த்திருக்கிறது. அறையப்படும் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. மரத்தில் விழுந்த அடி சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவது அடிக்கு ஒரு பெண் “வேணாம்!” என்று கத்தினாள். பிறகு கோயிலே உடைந்து அழுதது. ஆண்கள் அழுதார்கள். சொல்தா மீசையின் மேல் கண்ணீர் வழிய மார்பில் அறைந்துகொண்டார். தச்சர் ஏணியிலேயே நெற்றியைச் சிலுவையில் சாய்த்துக்கொண்டு விம்மினார்.

சாமியார் தொடர்ந்து பேசினார். வாய் அசைவதைப் பார்த்தேன்; கையை உயர்த்தியதைப் பார்த்தேன். தொட்டிக்கு மிக அருகில் நின்றிருந்த எனக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் உரக்கப் பேசப்பேச அழுகை கூடியது. கடைசியில் மரித்த வசனத்தைக் கத்தி வாசித்துவிட்டு இறங்கிவிட்டார்.

பீடத்துக்குப் பின்னால் இருந்த சக்ரிஸ்து அறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டே சாமியார் கேட்டார்: “அதுக்கப்புறம் நான் சொன்னதுல ஏதாவது கேட்டுதா?”

“இல்லீங்க சாமி.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் சொல்தா உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “சாமி, இந்தக் கோயில்ல இப்படி ஒரு பெரிய வெள்ளிய நான் பாத்ததில்ல. இனிமே வருஷா வருஷம் நீங்கதான்.”

அந்த வருஷம் முழுக்க அதுவே பேச்சு. முதலியார்பேட்டையில் என் மாமனார் வீட்டுக்குப் போனால், “உங்க கோயில்ல ஆணி அடிக்கறாங்களாமே” என்று விசாரித்தார்கள். ரெட்டியார்பாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரப்போவதாகச் சிலர் சொன்னார்கள். தச்சர் மட்டும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். ஒருமுறை, “கட்டில் காலுக்கு ஆணி அடிக்கும்போதுகூட அந்தச் சத்தந்தான் கேக்குது, உபதேசியாரே” என்றார்.

அடுத்த தபசுகாலத்தில் பெரியவர்கள் மறுபடி வந்தார்கள். சொல்தா சொன்னார்: “வெரோணிக்கம்மாள நாங்க கேக்கல சாமி. அடி கணக்கும் வேணாம். அந்த ஆணி மட்டும் போன வருஷம் மாதிரியே வெச்சிடுங்க.”

“அது தவறிப்போய் நடந்தது.”

“தவறோ சரியோ, ஜனம் அழுதுச்சே. நம்புச்சே.”

“அழுதத நம்பினதுன்னு நீங்க சொல்றீங்க. சுவிசேஷத்துல அந்த ஆணிய ஒரு தடவதான் அறைஞ்சாங்க.”

“சாமி, எங்க வழக்கமெல்லாம் எழுத்துல இல்லன்னீங்க, விட்டுட்டோம். இது எங்க வழக்கமில்ல. நீங்களே உங்க வாயால அறைங்கன்னு சொன்னது.”

சாமியார் சுவிசேஷத்தைத் திறந்து, இரண்டு பக்கம் புரட்டி, மூடினார். விரல் வைத்துக் காட்ட அவருக்கு ஒரு வசனம் அகப்படாததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பிறகு, “நான் பிரசங்கம் பண்ணுவேன். ஆணி அறையறது கிடையாது” என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் கோயிலுக்கு வெளியே தெருவில் நின்றது கூட்டம். தெரியாத முகங்கள் நிறைய. எல்லோருடைய கண்ணும் தொட்டியில் இல்லை, ஏணியில் இருந்தது. சாமியார் தோட்டத்தைச் சொன்னார், மறுதலிப்பைச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மற்ற வண்டிகளைப் பார்ப்பது போல. கல்வாரி வந்தது. ஏளன வசனம் வந்தது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஏணியில் தச்சர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சாமியார் அந்த வசனத்தில் நிற்கவில்லை. இறங்கி வா என்பதை வாசித்த அதே மூச்சில் அடுத்த வசனத்துக்குப் போய், கள்ளர்களைச் சொல்லி, இருள் சூழ்ந்ததைச் சொல்லி, மரித்ததை வாசித்துவிட்டார். போன வருஷம் தன் முழு உறுதியையும் ஊன்றி நின்ற இடத்தை ஓடிக் கடந்தார். எங்கே நின்றால் என்ன ஆகுமோ என்ற பயம் அவர் குரலில் இருந்தது. ஜனங்களுக்கு அது கடந்துபோனதே சிறிது நேரம் தெரியவில்லை. தெரிந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. “இவ்ளோதானா?” என்று ஒருவர் கேட்டார். ஆணிகள் வழக்கம்போலக் கழன்று என் தட்டில் விழுந்தபோது வாசல் பக்கம் பாதி காலியாக இருந்தது.

அதற்கடுத்த வருஷம் சொல்தா சொன்னதைச் செய்தார். வெளியூரிலிருந்து ஒரு வயதான சாமியாரை அழைத்து வந்தார்கள். நல்ல குரல். பழைய பிரசங்கத்தை எழுத்து மாறாமல் படித்தார். அடிகளை எண்ணினார். வெரோணிக்கம்மாள் வந்தாள். எல்லோரும் அழுதார்கள். நான் தட்டோடு நின்று, அழுகை வரும் என்று காத்திருந்தேன். இது இருக்கிறது, இது இல்லை என்றுதான் மனதுக்குள் ஓடியது. எங்கள் சாமியார் அந்த நேரம் முழுவதும் கடைசியில் இருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் போகவில்லை.

ஊர்வலம் முடிந்து ஜனங்கள் கலைந்ததும் ஆணிகளைத் துடைத்து வைக்க சக்ரிஸ்துக்குப் போனேன். எங்கள் சாமியார் அங்கே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“அந்த முதல் வருஷம் நான் நிறுத்தினேனே,” என்றார், “நிறுத்திட்டு அடுத்து சொல்ல ஒண்ணு வெச்சிருந்தேன். அத இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

“என்ன சாமி அது?”

நின்றார். நான் உண்மையாகவே கேட்கிறேனா என்று பார்த்தார் போலும். பிறகு மேசையிலிருந்த சுவிசேஷத்தை எடுத்தார். “அருளப்பர் பத்தாம் அதிகாரம். என் உயிரை என்னிடமிருந்து எவனும் பறிக்கிறதில்லைன்னு அவரே சொல்றாரு. தானா கொடுக்கறாரு. இறங்கி வான்னு கூப்பிட்டாங்க. ஒரு நொடியில இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தா அவங்க நம்பியிருப்பாங்க. ஆனா நம்பறதுக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது. ஆணி அவரப் பிடிச்சு வெக்கல, உபதேசியாரே…”

குரல் ஏறிக்கொண்டே போனது. இரண்டு ஜன்னலும் அலமாரியும் உள்ள அந்தச் சின்ன அறையில் அவர் ஆயிரம் பேருக்குப் பேசுவது போலப் பேசினார். கையில் தட்டும் துணியுமாக நான் நின்றேன். ஏணியைக் கொட்டகைக்கு எடுத்துப்போக வந்த தச்சர் வாசலில் தயங்கி, ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாமியார் அவரையும் சேர்த்துப் பார்த்தார், நிறுத்தவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்துக்குப் போனார், அங்கிருந்து ஏசாயாவுக்குத் திரும்பினார், ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார்.

வெளியே சொல்தா என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது: “முசே! வெளியூர் சாமிக்கு வண்டி வந்துடுச்சு, விளக்கெல்லாம் அணைக்கணும், அங்க இன்னா பண்றீங்க?”

“பிரசங்கம் நடக்குது” என்றார் தச்சர், திரும்பிப் பார்க்காமல்.